ஒற்றை ஆளுக்கு அறை இல்லை

முப்பது வருடம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் டெலிபோன் எடுத்தவள் நான். "மேடம் மீட்டிங்ல இருக்காங்க" என்று வாய் கூசாமல் சொல்லிச் சொல்லியே ரிட்டயர் ஆனேன். அதனால் எதிர்முனையில் இருப்பவர் பொய் சொன்னால் எனக்கு முதல் மூச்சிலேயே தெரிந்துவிடும். ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ்காரர் "ரூம் எல்லாம் ஃபுல்லுங்க" என்றபோதும் தெரிந்தது. அதற்கு அரை நிமிடம் முன்னால்தான் "எத்தனை ரூம் வேணும்?" என்று உற்சாகமாகக் கேட்டிருந்தார். ஒரு ரூம், ஒரு ஆள் என்றேன். "ஜென்ட்ஸா, லேடீஸா?" என்றார். நான்தான் வருகிறேன் என்றேன். அதற்குள் லாட்ஜ் நிரம்பிவிட்டது.

நான் ஒன்றும் பெரிதாக ஆசைப்படவில்லை. மூன்று நாள். கடலுக்கு நடந்து போகிற தூரத்தில் சின்னதாக ஒரு அறை. என்னை யாரும் எதற்கும் கூப்பிடக்கூடாது. திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஏழு மணிக்கு மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறி வேளச்சேரியில் மகன் வீட்டுக்குப் போய், பேத்தியைப் பார்த்துக்கொண்டு, இரவு சமையலையும் முடித்துவிட்டுத் திரும்புகிறவளுக்கு மூன்று நாள் என்பது பெரிய சொத்து. ஒருமுறை உடன் வேலை பார்த்தவள் போனில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். தனுஷ்கோடிப் பக்கம். நடுவில் ரோடு, இரண்டு பக்கமும் கடல். ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் நீலம். அந்த இடத்தில் ஒரு மதியம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் இருந்தவரை அது நடக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் "அடுத்த மே மாசம்" என்று சொல்லிச் சொல்லியே முப்பத்திரண்டு மே மாதங்களைக் கழித்தவர். பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப்போனால்கூட, மணல் செருப்பில் ஒட்டும் என்று பிளாட்பாரச் சுவரிலேயே உட்கார்ந்துவிடுவார். நான் தண்ணீர்ப் பக்கம் போனால், "அஞ்சு நிமிஷம், வந்துடு" என்பார். அவருக்குக் கடல் என்றால் ஈரத்துணி, இருமல், பஸ்ஸில் கூட்டம். அவர் போய் மூன்று வருடமாகிறது. இனிமேல் யாரைக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனை எடுத்தேன். கேட்பதற்கு ஊர் முழுக்க ஆள் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு வாரம் விடாமல் போன் செய்தேன். பேத்தி தூங்கும் நேரத்தில், பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு, திருட்டுத்தனம் செய்கிறவளைப் போல. ஒருவர், "சிங்கிளுக்குக் குடுக்கறதில்லைம்மா" என்று நேராகச் சொன்னார். இன்னொருவர், "வீட்ல பெரியவங்க யாரையாச்சும் பேசச் சொல்லுங்க" என்றார். எனக்கு ஐம்பத்தொன்பது வயது. என் வீட்டில் என்னைவிடப் பெரியவர் சுவரில் மாலையோடு தொங்குகிறார்.

நான்காவதோ ஐந்தாவதோ, ஒருவர் மட்டும் உண்மையைச் சொன்னார். நல்ல மனிதர், குரலிலேயே சங்கடம் தெரிந்தது.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. தனியா வர்றவுக ரூமைச் சாத்திக்கிட்டு ஏதாச்சும் பண்ணிக்கிட்டா நாங்கதான் ஸ்டேஷனுக்கு அலையணும். ஒரு தடவை பட்டாச்சு."

"ஏம்பா, அப்படிப்பட்டவ வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்னு கேப்பாளா?" என்றேன். சற்றுமுன் அதைத்தான் கேட்டிருந்தேன்.

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, "கூட ஒரு ஆளைக் கூட்டியாங்கம்மா, தாராளமாத் தர்றேன்" என்றார். போனை வைத்த பிறகு எனக்கு அழுகை வந்தது. சாகிற எண்ணம் ஒருநாளும் எனக்கு வந்ததில்லை. கொஞ்சம் வாழலாமே என்றுதான் கேட்டேன். தனியாக ஒரு பெண் கடலைப் பார்க்க வருகிறாள் என்றால் அவர்களுக்கு வேறு காரணமே தோன்றவில்லை.

அப்புறம் போனில் ஒரு புக்கிங் ஆப்பில் அறை பதிவு செய்தேன். உடனே பச்சை டிக் வந்தது. சாயங்காலம் போன் வந்தது. "மேடம், கூட யார் வர்றாங்க?" பச்சை டிக் போய்விட்டது. தனி ஆளையும் வரவேற்கிற இடங்கள் இல்லாமல் இல்லை. நீச்சல்குளம் வைத்த ரிசார்ட்டில் யாரும் எதையும் கேட்கவில்லை. ஒரு இரவுக்கு ஏழாயிரம் என்றார்கள். ஒற்றைப் பெண்ணை நம்புவதற்கு அதுதான் கட்டணம் போலிருக்கிறது. என்னால் ஆயிரத்து ஐந்நூறு வரைக்கும்தான் நம்பிக்கைக்குரியவளாக இருக்க முடியும்.

தெருமுனை அயர்ன் வண்டிக்காரரிடம் புடவைகளைக் கொடுத்தபோது வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் பெட்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாக்கா நீ, கடலு இங்கியே கீதே! பட்னப்பாக்கம் நடந்துபோனா பத்து நிமிசம். அதுக்கு இன்னாத்துக்கு ராமேஸ்வரம்?"

பட்டினப்பாக்கத்தில் கடல் இருக்கிறது. கூடவே, "மேடம், சௌக்கியமா? என் பையன் இப்ப கனடால" என்று வருகிற பள்ளிக்கூடத்துப் பழைய பெற்றோர்களும் இருக்கிறார்கள். "அம்மா, எங்க இருக்கே? தோசைமாவு இருக்கா?" என்று போனும் அங்கே நன்றாகக் கேட்கும். அதையெல்லாம் அயர்ன்காரரிடம் சொல்லி என்ன பயன்?

வழி காட்டியவர் கீழ்வீட்டு மாமி. மாடிப்படியில் பிடித்து நிறுத்தினார். அயர்ன் வண்டியிலிருந்து செய்தி போயிருக்க வேண்டும்.

"ராமேஸ்வரம் போறேளாமே? நல்ல காரியம். ஆத்துக்காரருக்கு அங்கே தில ஹோமம் இன்னும் பண்ணலையோன்னோ? பிள்ளையைக் கூட்டிண்டு போங்கோ. எங்களுக்குத் தெரிஞ்ச சாஸ்திரிகள் இருக்கார். சமுத்திரத்துக்கு எதிர்த்தாப்லயே வீடு, ரூம் எல்லாம் வச்சிண்டிருக்கார். நம்பர் தரேன்."

அந்த நம்பரை வாங்கி வந்து ஒரு மணி நேரம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கூப்பிட்டேன்.

"சொல்லுங்கோம்மா. யாருக்குக் காரியம்?"

முப்பது வருட அனுபவம் சும்மா இருக்குமா? "வீட்டுக்காரருக்கு" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்கு எல்லாக் கதவும் திறந்தது. கடலைப் பார்த்த அறை உண்டு. ஏசி உண்டு. வெந்நீர், இரண்டு வேளைச் சாப்பாடு, ரயிலடிக்கு ஆட்டோ. வாடகை என் கைக்கு அடக்கம். எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்குங்கோ என்றார். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். என் வீட்டுக்காரருக்கு இறந்த பிறகுதான் அந்த மதிப்பு வந்தது. உயிரோடு இருக்கிற எனக்குக் கிடைக்காத அறை, மூன்று வருடம் முன்பு போய்ச் சேர்ந்தவருக்குக் கேட்டதும் கிடைத்தது. கோபம் வந்தது. ஆனாலும் அறை கிடைத்ததே என்று வாங்கிக்கொண்டேன்.

என் திட்டம் சுலபமானது. மகன் மறுநாள் வருவான் என்று சொல்லிக்கொண்டு போய் இறங்குவது. பிறகு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று வருத்தமாகச் சொல்வது. ஒரு சின்னப் பூஜையைச் செய்து முடித்துக்கொள்வது. மிச்ச நேரமெல்லாம் எனக்கு.

"காரியம் பண்ற கர்த்தா உங்க பிள்ளைதானே? அவர் நம்பரைக் கொடுங்கோ. முதல் நாள் என்ன சாப்பிடலாம், என்ன கூடாதுன்னு நானே சொல்லிடறேன்" என்றார் சாஸ்திரிகள்.

நான் கொடுத்தேன். சரியான நம்பரைக் கொடுத்தேன். ஊருக்கெல்லாம் பொய் சொல்லத் தெரிந்தவளுக்கு, கடைசி எண்ணை மாற்றிச் சொல்ல வேண்டும் என்று அந்த நொடியில் தோன்றவில்லை. இன்றுவரை அந்தக் கடைசி எண்ணை நினைத்தால் வயிறு எரிகிறது.

மறுநாள் சாயங்காலம் மகன் ஆபீஸிலிருந்து நேரத்தோடு வந்துவிட்டான். அவன் கண்கள் சிவந்திருந்தன.

"ஏம்மா என்கிட்ட சொல்லல? அப்பாவுக்குச் சரியா எதுவும் செய்யலையேன்னு எனக்கே உள்ள உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நீ தனியா எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணிக்கிட்டு... நாம எல்லாருமே போறோம். லீவு போட்டுட்டேன்."

என் கண் ஆபரேஷனுக்கு அரை நாள் லீவு கிடைக்காதவன் அவன். அன்று அடையாறில் ஆஸ்பத்திரி வாசலில், கண்ணில் கட்டோடு நானேதான் ஆட்டோ பிடித்தேன். அதைச் சொல்லியிருக்கலாம். "நான் காரியத்துக்குப் போகலடா, கடலைப் பார்க்கத்தான் போறேன்" என்றாவது சொல்லியிருக்கலாம். அப்பாவை நினைத்துக் கண் கலங்கி நிற்கிற பிள்ளையிடம் எந்தத் தாய் அதைச் சொல்வாள்? "சரிடா" என்றேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. பிடித்ததும் நான்தான்.

அதன் பிறகு எல்லாம் அவன் கையில். நான் பேசி வைத்த சின்ன அறையை மாற்றிவிட்டான். "ஒரே பெரிய ரூமாப் போட்டுட்டேன்மா, நாலு கட்டில். தனியா இருந்தா நீ பயப்படுவே." பாண்டி பஜாரில் நான் எனக்கென்று வாங்கி வைத்திருந்த தோள்பையில் மருமகள் குழந்தையின் டயப்பரையும் பிஸ்கட்டையும் அடுக்கினாள். நல்ல பெண்தான். பையில் இடம் இருந்தது, அடுக்கினாள்.

ராமேஸ்வரத்தில் என் கட்டில் குளியலறைக் கதவை ஒட்டி இருந்தது. கடலைப் பார்த்த ஜன்னல் எதிர்ப் பக்கம். காலையில் அக்னி தீர்த்தத்தில் இறங்கினோம். அலையே இல்லாத கடல் அது. கால் வைத்த இடமெல்லாம் யாரோ விட்டுப்போன ஈரத்துணி. நான் ஒரு நிமிடம் நிற்கலாம் என்று நின்றேன். கரையிலிருந்து சாஸ்திரிகளின் உதவியாள், "மூணு முழுக்கும்மா! ஒண்ணு... இன்னும் ஒண்ணு... ஆச்சு, ஏறுங்கோ!" என்றார். வீட்டுக்காரருக்காக மூன்று முழுக்குப் போட்டுவிட்டு ஏறினேன். அதன் பிறகு அவர்கள் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடுவதற்குக் கோயிலுக்குள் போனார்கள். பைகளையும் போன்களையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு நான் வாசலில் உட்கார்ந்தேன்.

காரியம் நல்லபடியாகத்தான் நடந்தது. பிண்டம் வைக்கும்போது மகன் தேம்பித் தேம்பி அழுதான். எனக்கும் அழுகை வந்தது. இருந்திருந்தால் இந்தப் பிள்ளையைப் பார்த்து அவர் பெருமைப்பட்டிருப்பார் என்று நினைத்தேன். அது பொய் இல்லை. அப்போதும் கடல் முதுகுக்குப் பின்னால் இருந்தது, ஒருமுறை திரும்பிப் பார்த்தால் தேவலாம் என்று தோன்றியதும் பொய் இல்லை.

மறுநாள் மதியம் தனுஷ்கோடி. அதற்காகவே நான் ஒரு நல்ல காட்டன் புடவையைத் தனியாக வைத்திருந்தேன். கட்டிக்கொண்டு வந்து நின்றேன். குழந்தைக்கு லேசாக உடம்பு சுட்டது.

"வெயில் ஜாஸ்தி, பாப்பாவுக்கு ஆகாதும்மா. நீ ரூம்ல பார்த்துக்கோ. நாங்க ஒரு எட்டு போயிட்டு உடனே வந்துடறோம்" என்றான்.

நான்கு மணி நேரம் கழித்து வந்தார்கள். முகமெல்லாம் வெயிலில் சிவந்து, தலை முழுக்க மணலோடு, புதிதாகக் கல்யாணமானவர்களைப் போல இருந்தார்கள். போனில் படம் காட்டினார்கள். நடுவில் ரோடு, இரண்டு பக்கமும் கடல். அந்த வீடியோவில் பார்த்தது போலவேதான் இருந்தது. "சூப்பரா இருந்துச்சு அத்தை, நீங்க வந்திருக்கணும்" என்றாள் மருமகள். அவள் மேல் வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு, குழந்தைக்கு மருந்து கொடுத்தாயிற்று என்று சொன்னேன். அன்றைக்கே ரயில் ஏறினோம்.

விடிகாலையில் தாம்பரத்தில் இறங்கி ஒரே காராக எடுத்தோம். முதலில் வேளச்சேரி, அப்புறம் நான் மந்தைவெளி. அவர்கள் அபார்ட்மென்ட் வாசலில் கார் நின்றது. மருமகள் தூங்குகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். டிக்கியிலிருந்து பெட்டிகளை இறக்கிய மகன், "திங்கக்கிழமை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வந்துடும்மா, எட்டு மணிக்கே ஆபீஸ் கால் இருக்கு" என்றான். பிறகு என் பக்கத்து ஜன்னலில் குனிந்து, உள்ளே கைவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் இப்படிச் செய்து எத்தனையோ வருடமாகிவிட்டது.

"அப்பாவுக்குக் கடல்னா எவ்வளவு ஆசை இருந்திருக்கும், இல்லம்மா? வேலை, குடும்பம்னே போயிட்டாரு. கடைசியில எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்துட்டோம்."

"உங்கப்பாவுக்கு இல்லடா" என்றேன். "ஆசை எனக்குத்தான்."

அவன் அன்பாகச் சிரித்தான். பிடித்திருந்த கையை ஒருமுறை தட்டிக் கொடுத்தான்.

"உனக்கென்னம்மா? நீதான் கூட வந்தியே."