வரிசையில் நின்றது வண்டி இல்லை

போன வருடம் மாங்காய் சீசனில், சித்தூரை அடுத்த புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையின் வாசலில் நடந்தது இது. நான் திருப்பதியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை செய்கிறேன். அந்தத் தொழிற்சாலைக்கு லோடு கொண்டு வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கும் மென்பொருளை எழுதியது நான்தான்.

சும்மா எழுதவில்லை, பெருமைக்கு எழுதினேன். 'வண்டி' என்று ஒரு கிளாஸ், அதாவது புரோகிராமில் ஒரு வகைக்கான வார்ப்பு. அதிலிருந்து லாரி, மினி லாரி, டிராக்டர். டிராக்டரிலிருந்து ஒற்றை டிரெய்லர், இரட்டை டிரெய்லர். இப்படி முப்பத்தெட்டு கிளாஸ். படமாக வரைந்து ஆபீஸ் சுவரில் ஒட்டினேன். இவ்வளவு எதற்கு என்று கேட்டவர்கள் மேல் எரிந்து விழுந்தேன். என் குணம் அப்படி.

ஓட ஆரம்பித்த முதல் நாளே பல்லிளித்தது. மதியம் ஒரு விவசாயி, நான் உட்கார்ந்திருந்த டோக்கன் அறையின் ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினார். அவருடைய தோத்தாபுரி மாங்காய் லோடு காலையிலேயே வரிசைக்கு வந்துவிட்டது. முறை வந்து எடை போடப் போனால், டோக்கன் செல்லாது என்கிறது கம்ப்யூட்டர். காலையில் இழுத்து வந்த டிராக்டர் வேறு, இப்போது இழுப்பது வேறு.

"அதே டிராக்டர் வரணும்" என்றேன்.

"அது வாடக டிராக்டரய்யா! டிரெய்லர வுட்டுட்டு அடுத்த தோட்டத்துக்குப் பூடுச்சி. எது இழுத்தா உனுக்கு இன்னா? காய் வெந்துகினு கீது. கொழஞ்சி பூட்டா உள்ள வுடமாட்டாங்க. மொத்த லோடும் நீயே துன்னுவியா?"

இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வது அதுதான். டிரெய்லரை வரிசையில் விட்டுவிட்டு டிராக்டர் போய்விடும். முறை வந்ததும் எந்த டிராக்டர் கிடைக்கிறதோ அதில் மாட்டி இழுப்பார்கள். அந்த ரோட்டில் எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒரு நாளும் கவனித்ததில்லை.

'இரவல் டிராக்டர்' என்று இன்னொரு கிளாஸ் எழுத உட்கார்ந்தேன். டிராக்டரைத் தொட்டால் டிரெய்லர் கெட்டது. அதைச் சரி செய்தால் லாரி நின்றது. எடை மேடையும் இதன் வழியாகத்தான் ஓடியது என்பதால் கையால் எழுதி அனுப்பவும் வழியில்லை. மொத்த வரிசையும் நின்றுபோனது. வெளியே தமிழிலும் தெலுங்கிலும் என்னைத் திட்டினார்கள்.

என்னோடு வந்த சக ஊழியர், சித்தூர்ப் பெண், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான், அந்த நேரம் பார்த்து எழுந்து வெளியே போய்விட்டார். ஓடிவிட்டார் என்றே நினைத்தேன். அவர் வரிசையின் கடைசி வரை நடந்து, ஒவ்வொருவரிடமும் பேசிவிட்டுத் திரும்பி வந்தார்.

"அண்ணா, லாரிக்கும் டிராக்டருக்கும் நம்ம புரோகிராம் எதனா வேற மாதிரி செய்யுதா?"

யோசித்தேன். இல்லை. இரண்டுக்கும் ஒரே டோக்கன், ஒரே எடை.

"அப்ப எதுக்கு ரெண்டு? வரிசைல நிக்கிறது வண்டி இல்லண்ணா, லோடு."

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அவர் சொன்னது சரி. நாற்காலியை விட்டு எழுந்து அவரை உட்கார வைத்தேன்.

அவர் எழுதியதில் டோக்கன் எண், விவசாயியின் பெயர், காய் வகை, வந்த நேரம். அவ்வளவுதான். வண்டி எண் ஓரத்தில் ஒரு குறிப்பு. என் கிளாஸ்கள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் எடை மேடைக்கான கிளாஸ் வந்தது. அங்கே இரண்டு மேடைகள், ஒவ்வொன்றும் எடையை ஒவ்வொரு விதமாக அனுப்பும். அந்த வித்தியாசத்தை அந்த ஒரு கிளாஸுக்குள் அடக்கியிருந்தேன்.

"இதையும் தூக்கிடும்மா" என்றேன் வெறுப்பில்.

"இத ஏன் தூக்கணும்? நாளைக்கு மூணாவது மேட வந்தாலும் வேற எதையும் தொட வேணாம். நல்லா எழுதிக்கீறீங்க."

அங்கேதான் அசந்துபோனேன். வெட்ட வேண்டும் என்பதற்காக வெட்டவில்லை அவர். எது தேவை என்று பார்த்தார், அதை விட்டுவைத்தார்.

நான்கு மணிக்குள் வரிசை நகர்ந்தது. அந்த விவசாயியின் லோடில் மேலடுக்குக் காய் குழைந்துவிட்டது, மீதி தேறியது.

"இத்த காலைலயே செய்யத் தெரியாதா உங்களுக்கு?" என்றார் விவசாயி.

"தெரியாதுண்ணா. உங்களக் கேட்டப்புறம்தான் தெரிஞ்சுது" என்றார் சக ஊழியர், முகம் கோணாமல். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தப்பு என்னுடையது என்று நான்தான் வெளியே போய்ச் சொன்னேன்.

இந்த வருடம் ஒரே டிரெய்லரில் இரண்டு வகைக் காய் வந்தது, டோக்கனிலோ ஒரு வகைக்குத்தான் இடம். சக ஊழியர் லீவில் இருந்தார். எங்கே மாற்ற வேண்டும் என்று எனக்கே உடனே தெரிந்தது, பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டேன். சுவரில் ஒட்டிய படத்தைக் கிழித்துப் போட்டாயிற்று. இப்போதெல்லாம் புதிதாக ஒரு கிளாஸ் எழுதக் கை போனால், எழுந்து போய் வரிசையில் நிற்கிறவர்களிடம் முதலில் பேசிவிட்டு வருகிறேன்.