இருநூறு என்று எழுதிய கை

இணையத் தகவலுக்கு வழிகாட்டும் ரௌட்டர்களோடு மல்லாடும் நண்பர்களே, நீங்கள் இதுவரை சந்தேகப்பட்டவர்களின் வரிசையில் உங்கள் பெயர் என்றைக்காவது இடம்பெற்றதுண்டா? நம் தொழிலுக்குச் சந்தேகமே மூலதனம். நாற்சந்தியில் வழி கேட்கும் லாரிக்காரரை எண்ணிப் பாருங்கள். டீக்கடைக்காரர் தம் கடையைத் தாண்டிப் போகும் சாலையைத்தான் காட்டுவார். ரௌட்டரும் அப்படித்தான்: அண்டை ரௌட்டர் பி.ஜி.பி. என்னும் வழி சொல்லும் மொழியில் சொல்வதை நம்பிப் பாதை பிடிக்கும். ஆகவே எவரையும் நம்பாதிருப்பதே என் கடமை என்றிருந்தேன்.

முதல் சந்தேகம்: வாடிக்கையாளர்

இளம்பிள்ளையில் பூங்கொடி என்பவர் ஆறு தறிக்காரர்களின் சேலைகளைத் தினமும் காலை பதினோரு மணிக்கு நேரலையில் காட்டி விற்கிறார். ராசிபுரத்திலுள்ள எங்கள் சிறு நிறுவனமே அவருக்கு இணைப்பு தருகிறது. மூன்று வாரமாக, முந்தானையை விரிக்கும் நேரம் பார்த்துப் படம் உறைந்துவிடுகிறது என்றார். இப்படியே போனால் தறிக்காரர்கள் வேறு ஆளுக்குச் சேலையைக் கொடுத்துவிடுவார்களே என்ற அச்சம் அவர் குரலில் இருந்தது.

பிற்பகலில் போய்ப் பார்த்தேன். இணைப்பில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் குற்றம் அவருடைய வைஃபை பெட்டியில்தான் என்று தீர்மானித்தேன். பெட்டியை மாற்றினேன், சேலை அலமாரியை நகர்த்தச் சொன்னேன், மின்சாரத்தையும் பழித்தேன். அலமாரியை நகர்த்தி மூச்சு வாங்கிய பூங்கொடி கேட்டார்:

“ஏனுங்க சார், என்ற ஊட்டுப் பெட்டி மேல இத்தன சந்தேகம் வருதே, உங்க ஆபீசு பெட்டி மேல ஒரு நாளாச்சும் வந்துச்சுங்களா?”

இரண்டாம் சந்தேகம்: அண்டை நிறுவனம்

வெளியுலகுக்கு எங்களுக்கு இரண்டு வழிகள். நாமக்கல் பக்கம் அகலமான புதிய இணைப்பு. சேலம் பக்கம் ஒடுங்கிய பழைய இணைப்பு. எல்லாப் போக்குவரத்தும் நாமக்கல் வழியே போவதாகத்தான் ஏற்பாடு. எனவே அந்த இணைப்பைத் தரும் நிறுவனம் காலை நெரிசலை எங்களிடம் மறைக்கிறது என்று முடிவுகட்டி, தொலைபேசியில் வாய்மையைப் பற்றி நெடுநேரம் போதித்தேன். அவர்களுடைய பொறியாளர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

“உங்க பக்கமிருந்து எங்களுக்கு எதுவுமே வரலீங்க சார். வராத வண்டிக்கு ரோட்டக் குறை சொன்னா எப்படிங்க?”

மூன்றாம் சந்தேகம்: சக ஊழியர்

அப்படியானால் யாரோ வழியை மாற்றியிருக்கிறார்கள். எங்கள் ரௌட்டரின் கடவுச்சொல் இருவருக்கே தெரியும்: எனக்கும், ஆத்தூரிலிருந்து வந்து பணிபுரியும் சுமதிக்கும். ரௌட்டரைத் தொடும் முன் காரணத்தைச் சிவப்பு நோட்டில் எழுத வேண்டும் என்பது நானே வகுத்த விதி. நோட்டில் ஒன்றுமில்லை. அலுவலகம் முழுவதும் கேட்கும்படி, பொறுப்பின்மை எத்தகைய பாவம் என்று சுமதிக்கு விளக்கினேன்.

அவர் ரௌட்டரின் பதிவைத் திறந்து திரையை என் பக்கம் திருப்பினார். சேலம் வழிக்கு முன்னுரிமை எண் இருநூறு. நாமக்கலுக்கு வழக்கமான நூறு. எண் பெரிதானால் ரௌட்டர் அவ்வழியே போகும். அங்கே நெரிசலா என்று பார்க்காது. மூன்று வாரத்துக்கு முன் ஆண்டகளூர்கேட்டில் சாலை வெட்டியபோது நாமக்கல் கம்பி அறுந்த நாளில் எழுதிய வரி அது. பக்கத்தில் ‘தற்காலிகம்’ என்ற குறிப்பு. எழுதியவர் பெயர்: என்னுடையது. கம்பியை ஒட்டிய பின்னும் நான் அதை நீக்கவில்லை. ஊரே விழித்து வேலை பார்க்கும் காலையில் ஒடுங்கிய வழி திணறியது. நான் சோதித்த பிற்பகலில் அது காலியாக இருந்தது.

“நோட்டுல எழுதணும்னு சட்டம் போட்டதும் நீங்க, எழுதாம விட்டதும் நீங்க. இப்ப நான் யாருக்கு சார் பாடம் எடுக்கறது?” என்றார் சுமதி.

பதினோரு மணி

அனைவர் முன்னிலையிலும் சுமதியிடம் மன்னிப்புக் கேட்டேன். எண்ணை மாற்றினேன், நோட்டிலும் எழுதினேன். மறுநாள் நேரலை தடையின்றி ஓடியது. பாராட்டை எதிர்பார்த்துப் பூங்கொடியை அழைத்தேன்.

“நல்லா ஓடுதுங்க சார். அஞ்சு தறிக்காரங்க இருக்காங்க, ஒருத்தரு நேத்தே போயிட்டாருங்க. என்ற ஊட்டுப் பெட்டி மேல தப்பில்லீனு அவருகிட்ட நீங்களே வந்து சொல்றீங்களா?”

போய்ச் சொல்லிவிட்டு வந்த நான் வேண்டுவது இவ்வளவே: நாளைக்கென்று ஒத்திவைக்காமல் இன்றே உங்கள் ரௌட்டரைத் திறந்து, ‘தற்காலிகம்’ என்று எழுதி மறந்த வரியைத் தேடி நீக்குங்கள், குற்றவாளியின் கடவுச்சொல்தான் உங்களுக்கு மனப்பாடமாயிற்றே.