சும்மா நின்ற ஐந்து

போன மாதம் காலமான அம்மா, கல்லூரியில் வருடக்கணக்காக ஒரே வகுப்பைத்தான் எடுத்தாள். கூட்டல் கழித்தல் மட்டுமே தெரிந்து வருபவர்களை இயற்கணிதத்துக்குத் தயார்செய்யும் வகுப்பு அது. “தப்பு” என்ற சொல் அங்கே அவள் வாயில் வந்ததே இல்லை.

ஒருமுறை, நர்சிங் படிக்க ஆசைப்பட்டு வந்திருந்த ஒரு பஸ் டிரைவர், 8 + 4 = ☐ + 5 என்ற கணக்கில் கட்டத்துக்குள் 12 என்று பலகையில் எழுதினார்.

“அண்ணே, ஸ்டாப்பைத் தாண்டிட்டீங்க!” என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது.

டிரைவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். “நர்சிங்கும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

இப்போது வெளியே போனால் இவர் திரும்பி வரமாட்டார் என்று அம்மாவுக்குத் தெரியும்.

“எட்டும் நாலும் பன்னிரண்டு. சரியாத்தான் கூட்டியிருக்கீங்க. பக்கத்துல அந்த அஞ்சு எதுக்கு சார் நிக்குது?”

“சும்மா நிக்குதுன்னு நினைச்சேன் மேடம்.”

“டிக்கெட் எடுக்காமலா?”

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “அப்போ அதையும் சேர்த்துத்தான் பன்னிரண்டு வரணுமா?” என்று கேட்டபடி 12-ஐ அழித்து 7 எழுதினார்.

அம்மா கட்டத்தையும் எண்ணையும் அழித்து, அதே இடத்தில் x என்று போட்டாள்.

டிரைவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். “இதுக்கா இத்தனை வருஷம் பயந்தேன்?”

பையைக் கழற்றி வைத்துவிட்டு, “அடுத்ததைப் போடுங்க மேடம்” என்றார்.