ஒன்பது பதினேழு விமானமும் சடையன் மாமாவின் இரண்டு பற்களும்

இழுத்துக் கட்டிய செப்புக் கம்பியை நடுவில் வெட்டினால், தரையில் விழுவதற்கு முன் அது ஒருமுறை சீறும். அந்தச் சீறல் காதோரமாகக் கடந்து போன பிறகுதான் கன்னம் காந்துவது தெரியும். என் இடது கன்னத்தில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. வருவாய்த் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நான் நிரப்பிக் கொடுத்த படிவங்களில் 'அங்க அடையாளம்' என்ற இடத்தில் அதைத்தான் எழுதினேன். எப்படி வந்தது என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை. படிவங்களில் எனக்குப் பிடித்த குணம் அதுதான்.

துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்று மலைமேல் செம்மேட்டில் இருக்கிறேன். ஓய்வு பெற்றவர்களுக்கென்று சில பொழுதுபோக்குகள் விதிக்கப்பட்டிருக்கின்றன: தொட்டியில் கீரை வளர்ப்பது, விடிவதற்குள் நாற்பது பேருக்கு ரோஜாப்பூப் படத்துடன் காலை வணக்கம் அனுப்புவது, வாசலூர்பட்டிப் படகு இல்லத்துக்குப் போய் ஏரிக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வது. எனக்கு வேறு இரண்டு. தலைக்கு மேல் கடக்கும் விமானங்களை நேரத்தோடு நோட்டில் குறிப்பது ஒன்று. பிரிட்டிஷ் அரசியலைப் பின்தொடர்வது மற்றொன்று. எதிர் வீட்டுக்காரர் முதலாவதைப் பைத்தியம் என்றும் இரண்டாவதைத் திமிர் என்றும் கருதுகிறார். அங்கே சில ஆண்டுகளாகப் பிரதமர்கள் மாறிய வேகத்தில், எங்கள் ஊர் டீக்கடையில் மாஸ்டர்கூட மாறியதில்லை என்று ஒருநாள் சொன்னேன். "அதனால நமக்கென்னங்க?" என்றார். அந்தக் கேள்வி என் காதில் முதன்முதலாக விழுந்தபோது எனக்கு வயது பதினொன்று. கேட்டவர் எங்கள் ஊர்க்கவுண்டர். அப்போது ஒரு துணிமூட்டையில் அப்பாவின் விரல்கள் இரண்டு இருந்தன.

அப்பா ராணுவ விமான முகாம் ஒன்றில் மெக்கானிக்காக இருந்துவிட்டுத் மலையின் ஒரு பிரிவான தேவனூர் நாட்டில் இருந்த எங்கள் ஊருக்குத் திரும்பியவர். கூடவே ஒரு பேட்டரி ரேடியோ, ஒரு தூரக்கண்ணாடி, இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் ஒரு ஸ்பேனர், இங்கிலீஷ் ஆகியவற்றையும் கொண்டுவந்தார். மிளகுக்கொடி ஏறிய இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே 'ஏரியல்' கட்டி, காலை ஆறு மணிக்கு லண்டன் செய்தியைப் பிடிப்பார். திருகித் திருகிப் பிடித்ததை, சாமை வயலுக்குப் போகும் ஆட்கள் நின்று கேட்க, எங்கள் பேச்சில் எடுத்துச் சொல்வார். ஒன்பது மணிக்கு மேல் மெட்ராஸிலிருந்து தெற்கே போகும் விமானம் எங்கள் மலையைத் தாண்டும். அதை நான் நோட்டில் குறிக்க வேண்டும். அந்த நோட்டுக்கு ஒரே விதி. "பாத்ததை எழுது கண்ணு. நெனச்சதை எழுதாதே" என்பார். பின்னாளில் நான் படித்த அரசாணைகள் எதிலும் இவ்வளவு தெளிவு இருந்ததில்லை.

அந்த வருஷம் மிளகு பறிப்புக் காலத்தில் இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். அங்கே வீடுகளில் விளக்கு எரியவில்லை. எங்கள் ஊர் மின்விளக்கையே பார்த்ததில்லை. ஆனாலும் இரண்டாகப் பிரிந்தது. அப்பா தொழிலாளர் பக்கம். அம்மாவின் அண்ணன் சடையன் மாமா அரசாங்கத்தின் பக்கம். மாமா இளவயதில் ஏற்காட்டில் ஒரு வெள்ளைக்காரரின் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். துரைமார்கள் நியாயம் தவற மாட்டார்கள் என்று உறுதியாக நம்பினார். அந்தத் துரை அவரைச் சாட்டையால் அடித்த தழும்பைக்கூட ஒரு நற்சான்றிதழ் போலக் காட்டுவார்.

எங்கள் மலையில் அடி என்பது அரிதான பொருள் அல்ல. வரப்புக்கு அடித்துக்கொண்டார்கள், வேட்டையில் விழுந்த பன்றியின் தலை யாருக்கு என்று அடித்துக்கொண்டார்கள், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு வராத முழங்கால்களில் ரத்தம் வந்தது. அதற்கெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த காரணம் ஒன்று இருந்தது. கடலுக்கு அப்பால், யாரும் பார்க்காத ஒரு கரிக்குழிக்காக அடித்துக்கொண்டது எங்கள் குடும்பம் மட்டும்தான்.

அன்று காலைச் செய்தியில் அரசாங்கம் இறங்கி வருவதாகச் சொன்னார்களாம். அப்பா கூட்டத்தின் நடுவே மாமாவைப் பார்த்து, "ஏனுங் மச்சான், உங்க துரை இனி செருப்பைத் தானே தொடச்சுக்குவாருங்களா? இல்ல, உங்களுக்குத் தபால்ல அனுப்புவாருங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. "வாரேன் மாப்ளே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வந்தபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. நானும் அப்பாவும் ஏரியலுக்குக் கீழே, விமானத்துக்காக வடக்கே பார்த்து நின்றோம். எஞ்சின் சத்தம் கேட்கத் தொடங்கிய நேரத்தில், பின்னால் வந்த மாமா கொடுவாளால் கம்பியை வெட்டினார். கம்பி சீறி என் கன்னத்தைக் கிழித்தது. மாமா என்னைப் பார்த்துவிட்டு, "ஐயோ சாமி!" என்று கொடுவாளைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்தியதை நான் பார்த்தேன். அப்பா அதைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்க விரும்பவில்லை. திரும்பியவர் இடுப்பு ஸ்பேனரை உருவி மாமாவின் தாடையில் இறக்கினார். பச்சை மரவள்ளிக் குச்சியை முறிப்பது போன்ற சத்தம். இரண்டு பற்கள் மிளகு காயப் போட்டிருந்த பாயில் விழுந்தன. மறுபடி ஓங்கிய கையை நோக்கி மாமா கொடுவாளை வீசினார். அப்பாவின் வலது கையிலிருந்து ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பற்களுக்குப் பக்கத்தில் போய் விழுந்தன. சிவந்த மிளகுக்கு நடுவே எது எவருடையது என்று தெரிய ஒரு கணம் ஆயிற்று. தலைக்கு மேலே விமானம், இரண்டு புரொப்பல்லரும் சுழல, ஒன்றும் நடக்காதது போலப் போய்க்கொண்டிருந்தது. நான் நோட்டை எடுத்து எழுதினேன். பழக்கம்.

மூன்றாம் நாள் மந்தையில் ஊர் கூடியது. ஊர்க்கவுண்டர் முதலில் கேட்டது இதுதான்: "அந்தக் கரிக்குழிக்காரங்க நமக்கு என்ன முறை?" எங்கள் ஊரில் உறவுக்காகச் சண்டை போடலாம், முறையில்லாதவனுக்காகக் கை ஓங்கினால் அது தனிக் குற்றம். அப்பா கட்டுப் போட்ட கையைத் தூக்கி, "பங்காளிங்க" என்றார். "அப்ப அவங்க ஊட்டு எழவுக்கு நீ மொட்டை போடுவியா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இருவர் காயமும் ஆறாத அந்த மந்தையில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது.

அடுத்த கேள்வியில் சிரிப்பு இல்லை. "மொதல்ல கை வெச்சது யாரு?" காயம் பெரியதா சிறியதா என்பது எங்கள் ஊர் நியாயத்தில் கணக்கே இல்லை. கம்பியை வெட்டியதும் கணக்கில் வராது. மனிதன் மேல் முதலில் கை வைத்தவனைத் தேவனூர் நாட்டை விட்டு ஒதுக்கிவிடுவார்கள். அவன் வீட்டுக்கு நெருப்புக் கிடையாது, தண்ணீர் கிடையாது, கதிரடிக்க ஆள் வராது. மாமா வாயைத் திறந்து இடைவெளியைக் காட்டினார். அப்பா கையைக் காட்டினார். பார்த்த சாட்சி நான் ஒருத்திதான். வயதுக்கு வராத பெண்பிள்ளை மந்தையில் சொல்வது அம்மன் சொல்வது என்பது ஊர் வழக்கம். அதற்குக் கற்பூரச் சத்தியம்கூடத் தேவையில்லை. இதைவிட ஆபத்தான சாட்சிய விதியை நான் எந்தச் சட்டப் புத்தகத்திலும் கண்டதில்லை.

"சொல்லு சாமி" என்றார் ஊர்க்கவுண்டர்.

ஒரு பக்கம் அப்பாவின் கை. மறுபக்கம் மாமாவின் மனைவி, இடுப்பில் கைக்குழந்தையோடு. நான் "மாமாதான்" என்றேன்.

மாமா மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மறுத்திருந்தால் நான் உடைந்திருப்பேன். அவரோ வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கிவிட்டு, "செரிங்க. சாமி சொல்லிருச்சு" என்றார். அன்று பொழுது சாய்வதற்குள் சட்டிபானையோடு மலையை விட்டு இறங்கினார்கள்.

அம்மா அன்று சாயங்காலம் உலக்கையை எடுத்து ரேடியோவை இடித்தாள். பெட்டி உடைந்து, உள்ளே இருந்தது தூளாகி, தூளும் மண்ணோடு கலக்கும்வரை இடித்தாள். பிறகு முறத்தைத் திருப்பிப் பிடித்து என்னை அடித்தாள். எதற்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பா தடுக்கவில்லை. கரிக்குழிக்காரர்களின் நியாயத்துக்கு விரலைக் கொடுத்த மனிதர், மச்சானின் நியாயத்துக்கு வாயைத் திறக்கவில்லை. பிரிட்டிஷ் அரசியலில் எனக்கு உள்ள எல்லாக் கருத்துகளும் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன: தூரத்து நியாயம் பேசுகிறவர்களைக் கண்டால் முதலில் அவர்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பேன்.

அப்பா இறந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியில் அந்த நோட்டு கிடைத்தது. அந்த நாளின் பக்கத்தில் என் குண்டு எழுத்து: "9.17. தெற்கே போனது. இரண்டு புரொப்பல்லர். அப்பா முதலில் அடித்தார். மாமா பல் இரண்டு. அப்பா விரல் இரண்டு." கீழே, இடது கையால் கோணலாக, அப்பாவின் எழுத்து: "பார்த்தேன்." அவர் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. யாருக்கும் காட்டவுமில்லை.

முப்பது ஆண்டுகள் பிறருடைய வாக்குமூலங்களைப் பதிந்தவளுக்குத் தன்னுடையதைத் திருத்தும் வழி தெரியவில்லை என்றால் நம்ப மாட்டீர்கள். சொன்ன இடத்தில்தான் திருத்த வேண்டும். மந்தை இருந்த இடத்தில் இப்போது ஜீப்புகள் நிற்கின்றன. ஊர்க்கவுண்டர் என்ற பட்டத்தைச் சுமப்பவர் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். மனுவைப் பெற அதிகாரி இல்லை. பணியில் இருக்கும்போது வேண்டாம், ஓய்வு பெற்ற பின் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். பிறகு முழங்கால் வலி.

போன மாசியில்தான் இறங்கினேன். அடிவாரத்தில் சாலையோரமாக டயர் பஞ்சர் கடை வைத்திருக்கிறான் மாமாவின் மகன், அன்று இடுப்பில் இருந்த அதே குழந்தை. அத்தை மகள் முறைக்கு என்னை 'நங்கை' என்று கூப்பிட வேண்டியவன், "வாங்க மேடம்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். நோட்டை நீட்டினேன். எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தான். கையில் ஸ்பேனர் இருந்தது. அதை அவன் கீழே வைக்க வேண்டும் என்று நானும், வைக்கக் கூடாது என்று எனக்குள் இன்னொருத்தியும் காத்திருந்தோம்.

"எங்கப்பன் கடைசிவரைக்கும் சொல்லுவாருங்க, புள்ள சொன்னதுதான் செரி, நாந்தான் மொதல்ல கை வெச்சேன்னு. நாங்களும் அப்படியேதான் நம்புனோம்" என்றான். பிறகு, "இது உங்க கைக்கு எப்பங்க கெடச்சுது?" என்றான்.

சொன்னேன்.

விரல் விட்டு எண்ணினான். "அதுக்கப்புறம் எங்கப்பன் நாலு வருசம் உசுரோட இருந்தாருங்க. இங்கியேதான், இந்த ஸ்டூல்லதான் உக்காந்திருப்பாரு. மேல பிளேன் போனா அண்ணாந்து பாத்துட்டு, 'எங்க கண்ணு இதை எழுதியிருக்கும்'னு சொல்லுவாரு." மலையைப் பார்த்தான். "எழுவது கொண்டை ஊசி வளைவு மேடம். அவ்வளவுதான் தூரம். செம்மேட்டு பஸ்ஸு தெனமும் எங்க கடை முன்னாலதான் நிக்குது."

நோட்டை மூடி, கிரீஸ் படாமல் இரண்டு விரலால் பிடித்து, என்னிடம் திருப்பிக் கொடுத்தான். அதற்கு அவன் என்னை அடித்திருக்கலாம்.

அந்த ஒன்பது பதினேழு விமானம் இப்போது இல்லை. புரொப்பல்லர் சத்தமும் இல்லை. கைப்பேசியைத் திறந்தால், நிமிர்ந்து பார்க்காமலே, எது எங்கே போகிறது என்று தெரிந்துவிடுகிறது. ஊரில் சில்வர் ஓக் ஒன்றை வெட்டிவிட்டார்கள். மற்றதில் ஏரியல் கட்டிய வெள்ளைப் பீங்கான் குமிழைப் பட்டை பாதி விழுங்கியிருக்கிறது. நான் இன்னமும் நோட்டில் குறிக்கிறேன். நேற்று காலை ஒன்று தெற்கே போனது. நேரத்தை எழுதினேன், திசையை எழுதினேன். பார்த்ததை மட்டும் எழுதிவிட்டு, வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும் இடம்போல வரியின் அடியில் பேனாவை வைத்தபடி, அடிவாரத்துக்குப் பஸ் இறங்கிப் போகும் சத்தம் அடங்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.