ரேட் கேட்டவர் டீ வாங்க வேண்டும்

பிள்ளைகளே, நம் பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவைகளுக்குக் கீழே விளிம்பு உடைந்த ஒரு டீ சாசர் இருக்கிறது. வெள்ளைப் பீங்கான், ஓரத்தில் பச்சைக் கோடு. நான் வாங்கும் தங்கக் காசு லாக்கருக்குப் போகும்வரை அதில்தான் உட்கார்ந்திருக்கும். வீடு மாறும்போதெல்லாம் “இந்த உடைஞ்ச சாசர் எதுக்கு டாடி?” என்று கேட்டிருக்கிறீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போட்ட சண்டையைக் கேட்ட பிறகு, அதற்குப் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். உங்களுக்குத் தமிழ் வேகமாக வாசிக்க வராது, அம்மாவைப் படிக்கச் சொல்வீர்கள். அம்மா நடுநடுவே தன் கருத்தையும் சேர்ப்பாள். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரியவன் சொன்னான்: “டாடி, தங்கம் தினமும் ஏறுது. பர்சனல் லோன் போட்டு மொத்தமா வாங்கிடலாம்.” சின்னவள் விடவில்லை. “நக்கோ டாடி, வேண்டாம், இருக்கிறதெல்லாம் இப்பவே வித்துடுங்க. விழுந்ததும் திரும்ப வாங்கிக்கலாம்.” நான் சாதத்தில் ரசத்தை ஊற்றிக்கொண்டேன். ஐ.டி.ஐ. முடித்து ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்தவன் நான். உங்கள் அளவுக்குப் பேச வராது. ஆனால் நீங்கள் இரண்டு பேரும் பேசியதை ஒரே ஆள் ஒரே மூச்சில் பேசி நான் கேட்டிருக்கிறேன். அவர்தான் எங்கள் ஸ்டோர்ஸ் அக்கா.

போல்ட், கிரீஸ், கையுறை எது வேண்டுமானாலும் அக்காவின் ஜன்னலில்தான் போய் நிற்க வேண்டும். ஆம்பூர்ப் பக்கத்துக்காரர். கல்யாணமாகி செகந்திராபாத் வந்து பல வருடமாகியும் பேச்சில் ஆம்பூர் போகவில்லை. மெட்டுகுடாவில் இரண்டு அறை குவார்ட்டர்ஸில் வீட்டுக்காரரோடு இருந்தார். சர்வீஸ் முடிந்த உடனே அந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். மறுபடியும் வாடகை வீடா என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே பயம். “எம்பேருல ஒரு வாசப்படி வேணும் தம்பி. நான் நெனைச்ச நேரத்துக்கு அதுல கோலம் போடணும். இங்க ஏன் போட்டன்னு எந்த ஊட்டுக்காரம்மாவும் வந்து கேக்கக்கூடாது” என்பார். பேங்க் லோன் கிடைக்கும். ஆனால் முதலில் கையிலிருந்து போட வேண்டிய பணத்துக்குத்தான் தங்கம் சேர்த்தார்.

அக்கா, கிரேன் ஓட்டும் பாய், நான் என்று மூன்று பேர். சம்பளம் வந்த அன்று ஷிஃப்ட் முடிந்ததும் பஸ் பிடித்து ஜெனரல் பஜார் போவோம். வீட்டுச் செலவு, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் ஒதுக்கியது போக, மாதாமாதம் ஒரே தொகைக்கு வாங்குவோம். அந்தத் தொகைக்கு ஒரு கிராம் வந்தால் ஒரு கிராம். வராவிட்டால் அரை கிராம்.

வாங்குவதில் அக்காவுக்குக் கஷ்டமே இல்லை. ரேட்டில்தான் கஷ்டம். ஏறினால் “அய்யோ, போன மாசமே நெறைய வாங்கியிருக்கலாமே!” இறங்கினால் “அய்யோ, போன மாசமே வித்திருக்கலாமே!” கிரீஸ் வாங்க வந்தவனிடம் ரேட் கேட்பார். கீரைக்காரம்மாவிடமும் கேட்பார். பொறுக்க முடியாமல் ஒரு நாள் பாய் கடை வாசலிலேயே சட்டம் போட்டார்: “அக்கா, ஆஜ் சே ரேட் பூச்சே சோ சாய் பிலானா.” அதாவது, பில் கைக்கு வருவதற்கு முன்னால் யார் ரேட் கேட்டாலும் எல்லோருக்கும் டீ வாங்கித்தர வேண்டும். அக்கா தலையாட்டினார். கடைக்குள் காலை வைத்தார். “சரி பாய், ரூல் நல்லாத்தான் இருக்கு. இன்னைக்கு எவ்ளோவாம்?” என்றார். பாய் கைதட்டிச் சிரித்ததில் கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அன்று முதல் எதிரிலிருந்த இரானி ஹோட்டலில் அக்கா செலவில் நாங்கள் குடித்த டீ கொஞ்சநஞ்சம் இல்லை. மூன்று காசுகளையும் ஒரு சாசரில் வைத்து அழகு பார்த்துவிட்டுத்தான் அவர் டீயைத் தொடுவார். ஒரு தடவை நாங்கள் பேச்சு மும்முரத்தில் இருந்தபோது சர்வர் பையன் மேசையைத் துடைத்துக் காலிக் கப்புகளோடு அந்தச் சாசரையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அக்கா போட்ட சத்தத்தில் ஹோட்டலே எழுந்து நின்றது. செருப்பை விட்டுவிட்டுச் சமையலறைக்குள் ஓடி, கழுவும் தொட்டிக்குள் போகவிருந்த சாசரை வெடுக்கென்று பிடுங்கினார். காசுகள் பத்திரம். சாசர் மட்டும் தொட்டி விளிம்பில் இடித்து உடைந்தது. கல்லாவில் இருந்த முதலாளி அசையவே இல்லை. “ஹவ் அக்கா, தோடே சோ தும், பைசே பீ தும்” என்றார். ஆமாம் அக்கா, உடைத்தது நீங்கள், பணம் கொடுக்க வேண்டியதும் நீங்கள்தான். பணம் கொடுத்த சாசரை விடுவாரா அக்கா? புடவைத் தலைப்பில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு வீட்டில் தன் காசுகளை அதில்தான் வைத்தார்.

பிறகு ஒரு வருடம் தங்கம் வெறிபிடித்த மாதிரி ஏறியது. பெரியவனே, உன் யோசனை எங்களுக்கும் அப்போது வந்தது. ரயில்வே ஊழியர் சொசைட்டியில் கடன் எடுத்து மொத்தமாக வாங்கிவிடுவது, முதலில் கடையில் முன்பணம் கட்டி அன்றைய ரேட்டைப் பிடித்துவைப்பது என்று நானும் அக்காவும் முடிவு செய்தோம். நிரப்பிய கடன் மனு இருவர் பையிலும் இருந்தது. கடையில் ரேஷன் கடை மாதிரி கூட்டம், டோக்கன் கொடுத்தார்கள். உட்கார்ந்ததும் அக்கா ரேட் கேட்டார். பாய் ஒரு விரலை நீட்டினார்: “ஏக் சாய்.” கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டார். ஏறியிருந்தது. இன்னொரு விரல். மறுபடி கேட்டார். பாயின் ஒரு கை முடிந்து அடுத்த கை தொடங்கியபோது அக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “தம்பி, மாசம் ஒரு காசு வாங்கறதுக்கே இப்படி அடிச்சுக்குதே. கடன வாங்கி வாங்கினா நான் கிரீஸ் குடுப்பனா, ரேட்ட பாப்பனா? சொந்த வாசப்படி வர்றதுக்குள்ள ஆஸ்பத்திரி வாசப்படி ஏறிடுவேன்.” சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். வழக்கமான காசை மட்டும் வாங்கிக்கொண்டு டீ குடிக்கப் போனோம். ஹோட்டல் மேசை ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. கடன் மனுவை மடித்து அதன் காலுக்குக் கீழே வைத்தேன். நன்றாக நின்றது.

அதற்கப்புறம் தங்கம் இறங்கியது. இறங்கி, சில வருடம் எழுந்திருக்கவே இல்லை. கடன் வாங்கியிருந்தால் சம்பளத்தில் பிடித்தம் போய், வீட்டுச் செலவுக்கு அந்தத் தங்கத்தையே வந்த விலைக்கு விற்றிருப்போம். கடன் இல்லாததால் அதே தொகைக்கு முன்னைவிடக் கொஞ்சம் எடை கூடுதலாகக் கிடைத்தது. “இப்ப ரேட்டு கேக்கவே பயமா இருக்கு தம்பி. கேட்டா ஏறிடப்போவுது” என்று அக்கா வாயை மூடிக்கொண்டார். ஓசி டீ நின்றுபோனதே என்று பாய்தான் புலம்பினார்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். நீண்ட காலம் ஏறுகிற தங்கம் கூட்ஸ் வண்டி மாதிரி. கொஞ்ச தூரம் ஓடும், சிக்னலில் மணிக்கணக்காக நிற்கும், சில சமயம் பின்னாலும் தள்ளும். சின்னவளே, பச்சை சிக்னல் எப்போது விழும் என்று வண்டியில் இருப்பவருக்குத் தெரியாது. இறங்கி டீ குடித்துவிட்டு ஏறிக்கொள்ளலாம் என்று நினைத்தால் வண்டி போய்விடும். இனியும் ஏறும் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். அதனால்தான் நம் சேமிப்பு எல்லாவற்றையும் அதில் போடவில்லை. போட்டதை அவசரமில்லாத பணத்தில் போட்டேன். முடிந்தவரை காசாகவே வாங்கினேன், ஏனென்றால் நகையில் செய்கூலி, சேதாரம் என்று போனது திரும்பி வருவதில்லை.

அதை அக்கா நேரிலேயே பார்த்தார். ஓய்வுபெறும் சமயத்தில் தங்கம் மறுபடி ஏறியிருந்தது. போவன்பள்ளியில் ஒரு ஃபிளாட் பார்த்து, சேர்த்ததை விற்கப் போனோம். காசுகள் எடைக்கு எடை போயின. ஆசைப்பட்டு வாங்கிய ஒரே ஒரு கல் நெக்லஸில் மட்டும் கல்லைக் கழித்து, அழுக்கைக் கழித்து, பாதி மனசையும் கழித்தார்கள். ஆனாலும் கையிலிருந்து போட வேண்டிய பணம் தேறிவிட்டது.

பால் காய்ச்சிய அன்று நாமும் போயிருந்தோம். நீங்கள் சின்னப் பிள்ளைகள், பாய் கொண்டுவந்த பிரியாணி மட்டும் ஞாபகமிருக்கலாம். எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு, வெயில் ஏறிய நேரத்தில், அக்கா கோலமாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். காலையில் போட்ட கோலத்தை அழித்துவிட்டு மறுபடி போட்டார். “ஏன் அக்கா இப்போ?” என்றேன். “கேட்டீங்களா? யாராவது கேக்கணும்னுதான் போட்டேன். எம்வாசல், நான் போடுவேன்!” என்று நிமிர்ந்து சிரித்தார். மூக்கு நுனியில் மாவு. கிளம்பும்போது சாசரை என் கையில் கொடுத்தார். “எனக்கு இனிமே இதுக்கு வேலையில்ல. நீங்க வெச்சுக்குங்க தம்பி. ரேட்டு மட்டும் கேக்காதீங்க.”

அக்கா இப்போது தன் வாசலை விட்டு நகர்வதில்லை. பாய் பீதரில் மகள் வீட்டில் இருக்கிறார். நானும் ஓய்வுபெற்றுவிட்டேன். உங்கள் சண்டைக்கு மறுநாள் உங்களிடம் சொல்லாமல் ஜெனரல் பஜாருக்குப் போனேன். கடைக்குள் நுழைந்ததும் வேண்டுமென்றே, சத்தமாக, “இன்னைக்கு ரேட் என்ன?” என்று கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண் சொன்னாள். அரை கிராம் வாங்கிக்கொண்டு எதிர் ஹோட்டலில் மூன்று டீ சொன்னேன். “பாக்கி லோகாங் ஆரே க்யா சாப்?” என்றான் சர்வர். மற்றவர்கள் வருகிறார்களா என்று கேட்கிறான். “ஹவ்” என்றேன். ஒன்றைக் குடித்தேன். மற்ற இரண்டையும் ஆறவிட்டுக் குடித்தேன். வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து காசை அந்தச் சாசரில் வைத்தேன். கடையில் அந்தப் பெண் சொன்ன ரேட் என்னவென்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. புடவைகளை இழுத்து மூடிவிட்டு பீரோவைச் சாத்தினேன்.