பட்டியலில் பெயர் இருந்தது, படித்தேன்

ஞாயிற்றுக்கிழமை காலை. பாகூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் உட்கார்ந்து சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். அலுவலக டிரைவர் குமாரிடமிருந்து போன். கையெல்லாம் செதில். "ஞாயித்துக்கெழமைகூட நிம்மதியா வுடமாட்டீங்களாடா?" என்று எடுத்ததும் எரிந்து விழுந்தேன். "பெரிய மேடம் பூட்டாங்க மேடம். விடியகாலைல நெஞ்சு வலின்னாங்களாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ளயே முடிஞ்சிச்சாம்" என்றான். மீனை அப்படியே போட்டுவிட்டு வில்லியனூரில் அவர் வீட்டுக்கு ஓடினேன். எத்தனை கழுவியும் கையில் கவிச்சி போகவில்லை. அந்தக் கையோடுதான் பிலோமினா அக்காவின் முகத்தைத் தொட்டேன்.

இதைப் படிக்கும் பழைய மாணவர்களே, உங்களில் பலருக்கு அவரை ஒரு கையெழுத்தாகத்தான் தெரிந்திருக்கும். உங்கள் பட்டச் சான்றிதழின் கீழே, 'பதிவாளர்' என்ற சொல்லுக்கு மேலே, எழுத்துக்கு எழுத்து பிரித்துப் படிக்கிற மாதிரி இருக்கும் அந்தக் கையெழுத்து. நெட்டப்பாக்கம் பக்கத்தில் கூலி வேலைக்குப் போன அப்பா அம்மாவுக்குப் பிறந்து, எங்கள் பல்கலைக்கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே படித்து அந்த நாற்காலிக்கு வந்தவர். நான் அவருக்குக் கீழே மாணவர் ஆவணப் பிரிவில் கண்காணிப்பாளர். ஆபீசில் மேடம், பஸ்ஸில் ஏறிவிட்டால் அக்கா. இரண்டையும் இடம் மாற்றிக் கூப்பிட்டு நான் வாங்கிய திட்டுக்கு அளவே இல்லை.

பட்டமளிப்பு விழா வருகிறதென்றால் எங்களுக்கு வேலை இரட்டிப்பாகும். தேர்ச்சி பெற்றவர்களின் பட்டியலை ஆவண அறையில் வைத்து, முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒருவர் படிப்பார், ஒருவர் கோப்பைப் பார்ப்பார். ஒரு துறை முடியும்வரை டீ கிடையாது. "கம்ப்யூட்டர்ல எல்லாம் சரியாத்தானக்கா இருக்குது?" என்று ஒருமுறை முனகினேன். "கண்ணால பாத்தா தாண்டிப் பூடுவ வளரு. வாயால சொல்லு. அந்தப் புள்ள பேரு உன் வாயில ஒருதபா வரட்டும்" என்றார். நாக்கு வறண்டு போகும். ஆனால் அவர் இருந்தவரை எங்கள் மேடையில் ஒரு பெயர்கூட விடுபட்டதில்லை.

விழாவில் பெயர்களைப் படிப்பதும் அவர்தான். பெயரோடு ஊரையும் சேர்த்துப் படிக்கிற வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. அந்த ஏசி அரங்கத்தில், மைக்கில், "சுத்துக்கேணி" என்று கேட்டதும் பின் வரிசையில் ஒரு கூட்டம் கைதட்டும். "நெட்டப்பாக்கம்" என்றால் வேறொரு மூலையில் விசில் பறக்கும். மேலதிகாரிகளில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அக்கா கண்டுகொள்ளவில்லை.

விதி என்றால் அவருக்கு விதிதான். ஒரு பெரிய இடத்து மனிதர் தன் மகனுக்கு வருகைப்பதிவு குறைகிறது, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வந்து உட்கார்ந்தார். அக்கா காப்பி வரவழைத்து, பொறுமையாக முழுக்கதையையும் கேட்டார். அந்த மனிதர் எழுந்து, "அப்ப முடிச்சிடுவீங்க இல்ல?" என்றார். "காப்பி நல்லா இருந்துச்சா சார்? என்னால குடுக்க முடிஞ்சது அது ஒண்ணுதான்" என்று அக்கா கும்பிட்டு அனுப்பிவைத்தார். பக்கத்து அறையில் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். இப்படிப்பட்டவர்தான் ஒருநாள் விதியைத் தாண்டினார். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தினேஷ் என்று ஒரு பையன். நல்லவாட்டுக்காரன், பி.காம். படித்தவன். அக்காவோ நானோ அவனைப் பார்த்ததில்லை. கடைசித் தேர்வு எழுதிவிட்டு, ரிசல்ட் வரும்வரை அப்பாவோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒருநாள் படகு கவிழ்ந்தது. அப்பா ஏழுமலை நீந்திக் கரை சேர்ந்தார். மகன் சேரவில்லை. அதற்குப் பிறகுதான் ரிசல்ட் வந்தது. எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி.

விழாவுக்கு வர முடியாதவர்கள் பட்டத்தைப் பெற ஒரு விண்ணப்பம் உண்டு. யாரோ சொல்லி ஏழுமலை அதை நிரப்பி அனுப்பியிருந்தார். இறப்புச் சான்றிதழின் நகலைப் பின்னால் இணைத்தும் இருந்தார். எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்த உதவியாளர் தாளைத் திருப்பவில்லை. மாணவர் கையெழுத்துக் கட்டம் காலியாக இருப்பதை மட்டும் பார்த்தார். அப்படி இருந்தால் வழக்கமாக அனுப்புகிற குறிப்பை அச்செடுத்து அனுப்பிவிட்டார்: 'மாணவர் நேரில் வந்து கையொப்பமிடவும். பதிவாளருக்காக.'

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஏழுமலை எங்கள் கவுண்டருக்கு வந்தார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். "கையெழுத்து போட வரச் சொல்லி இருக்குதும்மா. அவன எங்கேர்ந்து இட்டாறது?" என்று மெதுவாகக் கேட்டார். குத்திக்காட்டவில்லை. ஏதாவது வழி இருக்குமோ என்று நிஜமாகவே கேட்டார்.

அக்கா தன் அறையிலிருந்து வெளியே வந்து, கவுண்டரைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் போய் நின்றார். தாளை வாங்கிப் படித்தார். "எம் பேர்லதான் போயிருக்குது. தப்பு என்னோடதுண்ணே" என்று எல்லோர் முன்னாலும் கைகூப்பினார். "பரவால்லம்மா, பரவால்ல" என்று அந்த மனிதர்தான் எங்களைத் தேற்றினார். அவர் போனதும் அந்த உதவியாளரை நான் பிடிபிடியென்று பிடிக்கப் போனேன். அக்கா தடுத்துவிட்டார். "கட்டம் காலியா இருந்தா திருப்பி அனுப்புன்னு நாமதான சொல்லிக் குடுத்தோம்? அவர இன்னாத்துக்கு வையற?"

அந்தச் சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு நல்லவாட்டுக்குப் போனார். தினேஷின் அம்மா அஞ்சலை மீன் கூடை தூக்குவதை விட்டிருந்தார். வீட்டுக்குள்ளேயே சுவரில் சாய்ந்து கிடந்தார். "பாஸாயிட்டானாம்மா?" என்றார். அக்கா தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த மதிப்பெண் பட்டியலைப் பாடம் பாடமாகப் படித்தார். முடித்ததும் அந்த அம்மா, "இன்னொருதபா படிம்மா" என்றார். அக்கா மறுபடியும் முதலிலிருந்து படித்தார். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். என்னால் முடியவில்லை.

"மைக்குல பேர கூப்புடுவாங்க, ஊரு பேரும் சேத்து வரும்னு சொல்லிகினே இருப்பாம்மா. ஒருதபா கூப்ட்டா நான் கேட்டுக்குவேன்" என்று அந்த அம்மா சொன்னது வாசலில் எனக்குக் கேட்டது. "கூப்புடுவோம்" என்றார் அக்கா.

வண்டியில் ஏறியதும் நான் பிடித்துக்கொண்டேன். "இன்னாக்கா, நீங்க பாட்டுக்கு வாக்கு குடுத்துட்டீங்க? வராதவங்க பேர மேடையில படிக்கிறதே இல்லியே?" அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "கம்முனு வா வளரு" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

அந்தப் பெயரைப் படிக்க விடச் சொல்லி விழாக் குழுவின் மூன்று கூட்டங்களில் மன்றாடினார். நல்ல நாளும் அதுவுமாகச் சாவை மேடைக்குக் கொண்டுவராதீர்கள் என்றார்கள். அந்த அம்மா ஒப்பாரி வைத்துவிட்டால் விருந்தினர் முன்னால் மானம் போய்விடும் என்றார்கள். பட்டத்தை அலுவலகத்தில் வைத்துக் கொடுத்துவிடலாம் என்று முடிவானது. அக்கா சரி என்று வெளியே வந்தார். அந்த அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு போயிற்றே என்று நான் இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. ஆனாலும், அவர் சொன்னபடி ஏழுமலைக்கும் அஞ்சலைக்கும் பின் வரிசையில் இடம் போட்டு வைத்தேன்.

விழாவில் பி.காம். பெயர்கள் வந்தன. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பிள்ளை எழுந்து, மேடை ஏறி, வாங்கிக்கொண்டு இறங்கியது. அக்காவின் குரல் கொஞ்சமும் மாறவில்லை. "தினேஷ் ஏழுமலை, நல்லவாடு" என்று படித்தார். யாரும் வரவில்லை. அவர் அடுத்த பெயருக்குப் போகவும் இல்லை. ஒரு பையன் நாற்காலியை விட்டு எழுந்து, கூச்சத்தோடு நடந்து, பட்டத்தை வாங்கி, இறங்கிப் போக எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் மைக்கின் முன்னால் சும்மா நின்றார். மேடையிலிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின் வரிசையில் அஞ்சலை எழுந்து நின்றார். எல்லாப் பிள்ளைகளும் தங்கள் பெயருக்கு எழுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவர், தானும் எழுந்தார். ஒப்பாரி இல்லை, சத்தம் இல்லை. நின்றார், பிறகு உட்கார்ந்தார். அக்கா அடுத்த பெயரைப் படித்தார்.

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. 'தேர்ச்சி பெற்றோருக்கான அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் பெயர் இருந்தது. படித்தேன்' என்று பதில் எழுதினார். அவ்வளவுதான் பதில். அடுத்த வருடம் பெயர் படிக்கும் வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அக்கா என் பக்கத்தில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஊர் பெயர்களை எடுத்துவிட்டிருந்தார்கள். பெயர்கள் கடகடவென்று ஓடின. "ஊர வுட்டுட்டாங்க பாருடி" என்று என் காதில் சொன்னார். அவர் நெஞ்சில் வலி அன்றைக்கே தொடங்கிவிட்டது என்று நான் சொல்வேன். டாக்டர்கள் வேறு ஏதாவது சொல்லிக்கொள்ளட்டும்.

ஒருநாள் பஸ்ஸில் வரும்போது அவரே பேச்சை எடுத்தார். "எங்க வூட்டுக்காரரு கேக்கறாரு, இத்தினி செஞ்சியே, இன்னா கெடைச்சிச்சி உனக்குன்னு. அந்தம்மா எழுந்து நின்னத நான் மேடையிலேர்ந்து பாத்தேன் இல்ல? அது போதும்டி எனக்கு." எனக்குப் போதவில்லை அக்கா. இப்போதும் போதவில்லை.

போன வாரம் பல்கலைக்கழகத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். வாழ்க்கைக் குறிப்பை ஒருவர் அவசரமாகப் படித்தார். பிறகு ஒரு நிமிட மௌனம் என்றார்கள். எழுந்தோம். யாரோ இருமினார்கள். யாருடைய போனோ அடித்தது. மேடையில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு "நன்றி" என்றார், நாற்காலிகள் இழுபட்டன. நிச்சயமாக ஒரு நிமிடம் ஆகவில்லை. முகமே பார்த்திராத ஒரு பையனுக்காக அவர் நின்ற அளவுகூட அவருக்காக நாங்கள் நிற்கவில்லை. நான் உட்காரவில்லை. உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

அவர் பிள்ளைகளுக்கு அவர் கட்டிய வீடு இருக்கிறது, போட்டோ இருக்கிறது. எனக்கு இருப்பது ஒரு பெயரைப் படித்துவிட்டு அவர் நின்ற அந்த நேரம்தான். ஆவண அறையில் இந்த வருடத்துப் பட்டியல் வந்து கிடக்கிறது. எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்கிறேன். முதல் பெயரைத் தொடங்கும் முன், அதில் இல்லாத ஒரு பெயரை வாய்விட்டுச் சொல்கிறேன். பிலோமினா அந்தோணிசாமி, வில்லியனூர். சொல்லிவிட்டு, அடுத்த பெயருக்குப் போக என்னால் முடியவில்லை.