கண்மூடி உட்கார்ந்த மாப்பிள்ளையைப் பார்க்க அண்ணாமலைக்கு

எழுபத்தொன்பதாம் வருஷம் வைகாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் ஏறினேன். கையில் ஒரு துணிப்பை. அதில் மாற்று வேட்டி, திருநீற்றுப் பை, என் வீட்டில் கட்டிக் கொடுத்த மல்லாட்டை உருண்டை. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். திருவண்ணாமலைக்கு முன்பும் போயிருக்கிறேன், எல்லாம் கார்த்திகை தீபத்துக்கு. கூட்டம் தள்ளிக்கொண்டு போகும், கூட்டமே திருப்பிக் கொண்டுவந்து விடும். தனியாகப் போவது இதுவே முதல் தடவை. சாமியைப் பார்க்க மட்டும் போகவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கப் போனேன்.

என் மகள் விஜயாவுக்கு ஆவணியில் கல்யாணம். பையன் குமரேசன் மெட்ராஸில் பௌதிகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர். தாய் தகப்பன் இல்லை. போளூரில் அக்கா வீடு. தை மாதமே தாம்பூலம் மாற்றியாகிவிட்டது. என்ன ஆராய்ச்சி என்று கேட்டபோது, கருவி ஒன்றும் கிடையாது, காகிதமும் கணக்கும்தான் என்றார். நான் எட்டாம் வகுப்போடு நின்று மளிகைக் கடையில் உட்கார்ந்தவன். நானும் காகிதத்தையும் கணக்கையும் வைத்துத்தானே பிழைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

பௌர்ணமிக்குப் போய் வந்த என் மச்சான் ஏகாம்பரம் கடைக்கு வந்து, ஒரு சோடாவை முழுக்கக் குடித்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"மாமா, உங்க மாப்பிள்ளையைத் திருவண்ணாமலைல பாத்தேன். ரமணாசிரமத்துக்கு அந்தாண்ட. இவ்ளோ தாடி. மரத்தடியில கண்ணை மூடிக்கினு உக்காந்திருக்காரு. பேர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பல."

"வேற யாராவது இருக்கப் போறாங்கடா."

"தாம்பூலத்தன்னைக்குப் பக்கத்து எலையில உக்காந்து சாப்பிட்டவன் நான். எனக்குத் தெரியாதா?"

அந்த மலையடிவாரத்துக்குப் போய், வீடு வேண்டாம் என்று அங்கேயே இருந்துவிட்டவர்கள் உண்டு. அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறவன். ஆனால் பெண் கொடுக்கப் போகிறவன் என்ன செய்வது? "போய்ப் பாத்துட்டு வாங்க. எதுவும் கேட்டுடாதீங்க, பாத்தாலே தெரிஞ்சிடும்" என்றாள் மனைவி. விஜயா உருண்டைகளைப் பையில் இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டாள்.

காலை ஏழு மணிக்கு வேலூர். அங்கிருந்து கண்ணமங்கலம், போளூர் வழியாக ஐம்பது மைல், டிக்கெட் நாலு ரூபாய். பக்கத்தில் கீழ்பென்னாத்தூர் விவசாயி ஒருவர் விதை மூட்டையைக் காலிடுக்கில் வைத்திருந்தார்.

"சாமிக்கா போறீங்க, சொந்தத்துக்கா?"

"ரெண்டுக்குந்தான்."

"சாமி சீக்கிரம் விட்டுடுவாருங்க. சொந்தந்தான் விடாது."

போளூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மலை தெரிந்தது. பஸ்ஸில் பாதிப்பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வெயிலில் அது சாம்பல் பூத்த தணல் மாதிரி இருந்தது. "அப்பனே, பையனை எனக்கு விட்டுக் கொடு" என்றுதான் என் வாயில் வந்தது. கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேனோ என்று உடனே பயமாகவும் இருந்தது.

பத்தரை மணிக்கு இறங்கிக் குதிரை வண்டி பிடித்தேன். செங்கம் ரோட்டில் ஆசிரமம் வரைக்கும் ஒரு ரூபாய்.

"தங்கறதுக்கா, திரும்பறதுக்கா?" என்றார் வண்டிக்காரர்.

"ஏம்ப்பா கேக்கற?"

"திரும்பறதுன்னா நின்னு கூட்டிப் போவேன். தங்கறவங்களுக்காக நின்னா குதிரை பட்டினி."

அந்த வார்த்தை நெஞ்சில் தைத்தது. ஒரு ரூபாயைக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

ஆசிரமத்து வாசலில் விசாரித்துக்கொண்டு போனேன். குமரேசன் குடியிருந்தது கரீம் பாய் வீட்டுப் பின்னறையில். பாய் முன்னால் சைக்கிள் கடை வைத்திருந்தார். யார் என்று சொன்னதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"அவரு பின்னாடி இலுப்பை மரத்தடியில இருக்காரு. இப்ப கூப்பிட்டா கேக்காது."

"தியானமா?"

"இங்க ரூமுக்கு வர்றவங்க ரெண்டு தினுசுங்க. கண்ணை மூடிக்கினு சும்மா இருக்கறவங்க ஒண்ணு. கண்ணை மூடிட்டுத் திறந்ததும் எழுதப் பேப்பர் கேக்கறவரு இவரு ஒருத்தர்தான். பேப்பர் ஜாஸ்தி, சோறு கம்மி."

பின்பக்கம் போனேன். ஏகாம்பரம் சொன்னது அப்படியே இருந்தது. தாடி, மூடிய கண், சம்மணம். வலது கைவிரல் மட்டும் தொடைமேல் எதையோ எழுதிக்கொண்டிருந்தது. கொடியில் காவி நிறத்தில் ஒரு வேட்டி காய்ந்தது. நான் அதையே பார்த்தபடி நின்றேன். பின்னாலேயே வந்த பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது எங்க கிணத்துத் தண்ணிங்க. செம்மண்ணு. என் லுங்கியும் அப்படித்தான் ஆயிடுச்சு."

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்துத் தடுமாறி எழுந்தார். "வாங்க மாமா. எப்ப வந்தீங்க? கூப்பிட்டிருக்கலாமே."

"அண்ணாமலையாரைப் பாக்க வந்தேன் மாப்பிள்ளை. அப்படியே எட்டிப் பாத்தேன்" என்றேன். பாதி உண்மைதானே.

அறை முழுக்கக் காகிதம். மேலே கல் வைத்திருந்தார். உருண்டை நாலைந்தை நின்றபடியே தின்றார். ஹாஸ்டலில் சத்தம், இங்கே யாரும் ஒன்றும் கேட்பதில்லை, அதனால் லீவுக்கு வந்தேன் என்றார். சாயங்காலம் கோயிலுக்குக் கூட்டிப்போனார். நல்ல தரிசனம். சந்நிதியில் அவரும் கண்ணை மூடினார். விரல் அசைகிறதா என்று பார்த்தேன். அசையவில்லை. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

சனிக்கிழமை விடிகாலை இருவரும் பாய் வீட்டு வாசலிலிருந்து கிரிவலம் கிளம்பினோம். சுற்று எட்டேமுக்கால் மைல். நிருதி லிங்கம் தாண்டி ரோடு பிரிகிறது. அப்புறம் புளியமரமும் மயில் சத்தமும்தான். எதிரே வந்தவர்கள் இரண்டு விறகுக்காரப் பெண்கள் மட்டும். மனைவி சொன்னதை மீறிக் கேட்டே விட்டேன்.

"கண்ணை மூடிக்கிட்டு என்ன பண்றீங்க மாப்பிள்ளை?"

"கண்ணைத் திறந்தா மரம் தெரியுது மாமா, கணக்கு தெரிய மாட்டேங்குது. அன்னைக்கு யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. பாதிக் கணக்குல திரும்பினா மறுபடியும் மொதல்லருந்து போடணும்."

"என்ன கணக்கு?"

நின்று யோசித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பத்துப் பைசாவை எடுத்தார். "ஒருத்தன் ரோட்ல நிக்கறான். காசைச் சுண்டறான். தலை விழுந்தா ஒரு அடி முன்னால, பூ விழுந்தா ஒரு அடி பின்னால. இப்படியே போனா எங்க போவான்? நீங்களே சுண்டிப் பாருங்க."

"கிரிவலத்துல பின்னால அடி வைக்கக் கூடாது மாப்பிள்ளை."

"ஆமாமில்ல" என்று காசைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பெரிய படிப்புப் படித்தவர், என்னை மறுத்துப் பேசவில்லை. அந்த இடத்தில் அவர் எனக்குப் பிடித்துப் போனார் என்று சொல்ல வேண்டும்.

ஏழு மணிக்கு ஆதி அண்ணாமலை. சாமி கும்பிட்டு, ரோட்டை விட்டுத் தள்ளி ஒரு டீக்கடை முன்னிருந்த மைதானத்தில் அவரிடம் காசை வாங்கிச் சுண்டினேன். கிரிவலத்துக்காகக் கழற்றிக் கையில் பிடித்திருந்த செருப்பைக் கிளம்பின இடத்துக்கு அடையாளமாக விட்டேன். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, முன்னால் மூன்று. டீக்கடைக்காரர் கிளாஸை ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"பெரியவரே, மதுவிலக்கு இருக்கற ஊர்ல உங்களுக்கு மட்டும் எங்க கிடைச்சுது?"

கொஞ்ச நேரத்தில் கால் செருப்பில் இடித்தது. குமரேசன் சிரித்தார். "பாத்தீங்களா. ஒத்தை ரோட்ல எப்படி அலைஞ்சாலும் கிளம்பின இடத்துக்கு வந்தே தீருவான். எப்பன்னு மட்டும் சொல்ல முடியாது. திறந்த வெளியில நாலு பக்கமும் அலைஞ்சாலும் அப்படித்தான். நிரூபிச்சாச்சு."

"நீங்களா?"

"இல்ல மாமா, அது பழசு. ஆகாசத்துல மேல கீழயும் அலையறதா வச்சுக்குங்க, கற்பூரப் புகை மாதிரி. அப்ப மூணு தடவையில ரெண்டு தடவை திரும்பவே திரும்பாது. இரும்புக்குள்ள, உப்புக்குள்ளகூட அணு இப்படி அலையுது. அங்கங்க தடங்கல் இருந்தா திரும்புமா, திரும்பாதா? அதான் என் கணக்கு. மெட்ராஸ்ல கம்ப்யூட்டரை விட்டு லட்சம் தடவை சுண்டச் சொல்லுவேன். அது சொல்றதும் நான் மரத்தடியில போட்டதும் ஒண்ணா வரணும். இன்னும் வரல. வந்துடும்னு தோணுது."

டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் வீட்டிலிருந்து சுமந்து வந்த கேள்வியை அவரே என் கையில் எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

"மாப்பிள்ளை, நீங்க தரையிலயா, ஆகாசத்துலயா?"

முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு கை தாடிக்குப் போனது. முகம் சிவந்துவிட்டது.

"இதுக்கா மாமா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

நான் தரையைப் பார்த்தேன்.

"திரும்பி வர்றதுக்கு மொதல்ல கிளம்பின இடம்னு ஒண்ணு வேணும் மாமா. எனக்கு எது? அக்கா வீடு அக்கா வீடுதான். ஹாஸ்டல் ரூமை வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடறாங்க. அதனாலதான் அக்காகிட்ட பொண்ணு பாக்கச் சொன்னேன்." தாடியைத் தடவிக்கொண்டு, "ஆனா நேரத்துக்கு வருவேன்னு சொல்ல மாட்டேன். கணக்குல உக்காந்தா சோறு ஆறிடும்" என்றார்.

"ஆறட்டும்" என்றேன்.

ஒன்பதரை மணிக்கு மலையைச் சுற்றி முடித்து, கிளம்பின பாய் வீட்டு வாசலிலேயே வந்து நின்றோம். இத்தனை நாள் மலையைப் பார்த்தால் எல்லாவற்றையும் விடச் சொல்கிற மலை என்றுதான் நினைப்பேன். அன்று பஸ்ஸிலிருந்து திரும்பிப் பார்த்தபோது, எந்த வாசலில் கிளம்பினாலும் அந்த வாசலிலேயே கொண்டுவந்து விடுகிற மலையாகத் தெரிந்தது. எங்கள் ஊரிலும் மலைகள் இருக்கின்றன. அவற்றை யாரும் சுற்றுவதில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "என்ன ஆச்சு?" என்றாள் மனைவி. "தாடி இருக்கு. வந்துடுவாரு" என்றேன். பிறகு காசுக் கணக்கை எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். விஜயா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் முன்கட்டுக் கடைக் கல்லாவிலிருந்து ஒரு பத்துப் பைசாவை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

இலை போட்டு அவளைக் கூப்பிட்டோம். இரண்டு தடவை கூப்பிட்டும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். துளசி மாடத்துப் பக்கம் ஒரு செருப்பு கிடந்தது. அவள் கிணற்றோரம் நின்று காசைச் சுண்டிக்கொண்டிருந்தாள்.

"இருங்கப்பா" என்றாள் திரும்பாமல். "நான் இன்னும் திரும்பி வரல."